ஒன்பது காற்றாலைகளும் ஒரு பிடிவாதக்காரியும்

"உயிரோட இருக்கிறது வேணாம் பாய். செத்ததுதான் வேணும்."

பெங்களூர் சிவாஜி நகர் மார்க்கெட்டில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொட்டுகிற மழையில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் பக்கத்தில் நிற்பவன் திரும்பிப் பார்க்கத்தானே செய்வான்? அரை கிலோ கோழிக்காகக் காத்திருந்த ரகுராமும் திரும்பிப் பார்த்தான்.

முதலில் கண்ணில் பட்டது அவள் கண்கள்தான். மழைத்துளி இமையில் நிற்க, சிமிட்டக்கூட நேரமில்லாதது போல் கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்த பெரிய கண்கள். அழகாகத்தான் இருந்தன... அவள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்வரை.

"ரெக்கை உரிக்கக் கூடாது. இருபது காடை. கூண்டுல தானா செத்தது மட்டும் போடுங்க."

"இருக்குது மேடம். நீங்க கேட்டீங்கன்னு ஐஸ்ல போட்டு வெச்சிருக்கேன்" என்றார் பாய், ரொம்ப நாள் வாடிக்கைக்காரியிடம் பேசுகிற மாதிரி.

ரகுராம் முந்தின வாரம்தான் ஏதோ ஒரு மெஸ்ஸில் காடை வறுவல் சாப்பிட்டிருந்தான். உடுமலைப்பேட்டைக்காரனுக்கு நாக்கும் நீளம், நியாய உணர்ச்சியும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் சும்மா இருக்க விடுமா?

"ஏனுங்க, எந்த ஓட்டலுங்க உங்களது?"

அவள் அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "ஏன் சார்?"

"அந்தப் பக்கம் போகாம இருக்கலாம்னுதான். செத்ததை ஆக்கிப் போடறீங்களே, மனசாட்சி வேணாமுங்களா?"

'பிரியாணிக் கடைக்காரியா நான்?' அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. நான் இன்ன வேலைக்காக வாங்குகிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் முகம் தெரியாத ஒருத்தனுக்கு விளக்கம் சொல்கிற வழக்கம் சங்கமித்ராவுக்குக் கிடையாது.

"ஆமா, ஓட்டல்தான். ஞாயித்துக்கெழம ஸ்பெஷல். ரெக்கையோட இலையில வெப்போம்... வந்து சாப்பிட்டுட்டு சொல்லுங்க" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு, குடையில்லாமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

ரகுராம் கோழியை மறந்துவிட்டு நின்றான். சண்டையில் தோற்றதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. அந்த மழைத்துளி இமையிலிருந்து விழுந்ததா இல்லையா என்பதைப் பார்க்காமல் விட்டோமே என்றுதான் இருந்தது.

நான்காம் நாள் அந்தக் கண்களை மறுபடி பார்த்தான். அதுவும் தன் ஆபீசிலேயே.

ஹெப்பாளில் ஏழாவது மாடி. வட கர்நாடகத்தின் ஒரு மலை மேல் சுழலும் அறுபத்திரண்டு காற்றாலைகளை இங்கே உட்கார்ந்துகொண்டே ஓட்டுகிற, நிறுத்துகிற கன்ட்ரோல் ரூம். அதில் ரகுராம் ஷிப்ட் இன்சார்ஜ். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் யாரோ அறிக்கை சமர்ப்பிக்க வருகிறார்கள், நீயும் வந்து உட்கார் என்று மேலாளர் சீனிவாசராகவன் கூப்பிட்டிருந்தார். மீட்டிங் அறைக்குள் நுழைந்தால்... திரைக்குப் பக்கத்தில் நின்றாள் பிரியாணிக் கடைக்காரி.

அவளும் பார்த்தாள். ஒரு நொடி உதடு துடித்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். சுவர்த் திரையில் வீடியோ காலில் மலையில் வேலை பார்க்கும் ஆட்கள் ஆறு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் நடந்து, செத்துக் கிடக்கும் பறவைகளைத் தேடுவது அவர்கள் வேலை.

விஷயம் இதுதான். மலையின் மேற்கு ஓரத்தில் ஒரு புல்வெளி. கஜகஸ்தானிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பூனைப் பருந்துகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் புல்லுக்குள்தான் இரவு தங்குகின்றன. அந்தி சாயும்போது கூட்டம் கூட்டமாக வந்து, வட்டமடித்து, இறங்கும். அந்த வழியில் நிற்கின்றன ஒன்பது காற்றாலைகள். போன பருவத்தில் அந்த ஒன்பதின் அடியில் மட்டும் பதினேழு பருந்துகள் அடிபட்டுக் கிடந்தன.

"எல்லாத்தையும் மூடுங்கன்னு நான் கேக்கல. நாலு மாசம், சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஆறரை வரைக்கும், அந்த ஒன்பது மட்டும் நிக்கட்டும். மிச்ச நேரம் ஓடட்டும். கரண்ட் எனக்கும்தான் வேணும்."

அவள் கன்னடத்தில் சொன்னது ரகுராமுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி நியாயமாகவே இருந்தது. ஆனால் செத்த பறவைகளின் படங்கள் திரையில் வந்தபோது அவன் நாக்கு அவனைக் கேட்காமலே புரண்டது. பக்கத்திலிருந்த சீனிவாசராகவனிடம் தமிழில் சொன்னான்.

"சார், இவங்க சிவாஜி நகர்ல செத்த காடை இருபது வாங்கினதை நான் என் கண்ணால பாத்தேனுங்க."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேர் காதிலும் விழுந்தது.

சீனிவாசராகவன் மெதுவாக அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா? செத்த பறவை வாங்குவீங்களா?"

"வாங்கினேன் சார்."

"எதுக்குன்னு இவங்க எல்லாருக்கும் சொல்றீங்களா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு திரையில் இருந்த ஆறு பேரைப் பார்த்தாள். சொல்லப் போகிறாள் என்றுதான் ரகுராம் நினைத்தான். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"சொல்ல மாட்டேன்."

சீனிவாசராகவன் திரையைப் பார்த்துக் கன்னடத்தில் அறிவித்தார். இந்த அறிக்கையின் ஆதாரங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது. தீரும்வரை எந்த இயந்திரமும் நிற்காது. இந்தப் பெண் இனி மலைக்குள் வரக் கூடாது. அவ்வளவுதான்... ஒரு வருட வேலை ஒரு நிமிடத்தில் குப்பைக்குப் போயிற்று.

லிப்டுக்கு முன்னால் ரகுராம் அவளைப் பிடித்தான். "ஏனுங்க, தப்பில்லைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க பாத்ததை சொன்னீங்க. பாக்காததைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல இல்ல? அதே மாதிரிதான். எனக்கும் சொல்லணும்னு தோணல."

லிப்ட் மூடிக்கொண்டது.

அன்றைக்கு ரகுராமுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செத்த பறவையை வாங்கி, காற்றாலை அடியில் போட்டு, அடிபட்டது என்று கணக்கு காட்டுகிறாள்... அப்படித்தானே அதற்கு அர்த்தம்? அப்படியானால் மாட்டிக்கொண்டவள் முகம் வெளுக்க வேண்டாமா? அவள் முகம் வெளுக்கவில்லை. கண்களில் இருந்தது பயமும் இல்லை. அது என்ன என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தான். மூன்றாம் நாள், மலைக்குள் ஆட்கள் போய்வர அனுமதித்த கடிதங்கள் இருக்கும் கோப்பைத் திறந்தான்.

கடைசிக் கடிதத்தில் எல்லாம் இருந்தது. தேடுகிற ஆட்கள் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார்கள், எத்தனையைத் தவறவிடுகிறார்கள் என்று சோதிக்க, காலில் வளையம் போட்ட இருபது செத்த காடைகளை ரகசியமாக அங்கங்கே போட அனுமதி வேண்டும். தேடுபவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சோதனையே வீண். கேட்டவர் சங்கமித்ரா. 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்து போட்டவர் சீனிவாசராகவன்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, திரையில் அந்த ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளைக் கேட்டிருக்கிறார்.

ரகுராமுக்குக் காது வரை சூடேறியது. கத்தியை எடுத்து நீட்டியது அவன். அவர் குத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மல்லேஸ்வரத்தில் அவள் ஆபீசைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவளைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த அவள் தோழி குளோரியா, "ரிச்சர்ட்ஸ் டவுன் டீசன்ட் பொண்ணு நான், எனக்குக் கெட்ட வார்த்தை வராது. இல்லைன்னா உங்களுக்கு இப்போ நிறைய கிடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, எதிர் காபிக் கடையைக் கை காட்டினாள்.

வெளியே தூறல். சங்கமித்ரா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கடிதத்தைப் படிச்சேனுங்க" என்றான்.

"லேட்டு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா..."

"அன்னைக்கு இருபதும் மலையில கெடந்துச்சு. திங்கக்கெழம போட்டேன், வெள்ளி வரைக்கும் தேடணும். நடுவுல நான் வாயத் தொறந்தா அந்த ஆறு பேரும் புல்லைச் சீவிட்டு தேடுவாங்க. இருபதும் கெடைக்கும். அப்புறம் 'பாருங்க, எங்க ஆளு எதையும் விடறதில்ல, செத்தது பதினேழேதான்'னு உங்க சார் எழுதிக்குவாரு. நல்லவேளை, நீங்க உளறினது தமிழ்ல. அவங்களுக்குப் புரியல."

"எத்தனை கண்டுபிடிச்சாங்க?"

"பதினொண்ணு. மிச்சம் நாய் தூக்கிடுச்சு, இல்ல புல்லுல மறைஞ்சிடுச்சு." அவள் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "அப்ப போன வருஷம் செத்தது பதினேழு இல்ல சார். முப்பதுக்குக் குறையாது. எங்கப்பா கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல இருந்தவரு. ஷிப்ட் முடிஞ்சா எத்தனை பேர் எறங்கினாங்களோ அத்தனை பேரும் ஏறிட்டாங்களான்னு டோக்கனை எண்ணிப் பாப்பாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. நான் அந்த வீட்டுல பொறந்தவ. எம்பேரு கெட்டாலும் பரவால்ல, எண்ணிக்கை தப்பாவ விட மாட்டேன்."

தன் பெயரை விட்டுக்கொடுத்து முப்பது பருந்துகளின் எண்ணிக்கையைக் காப்பாற்றியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம், தப்பிக்கவில்லை... இவளைப் போல ஒருத்தியைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று ரகுராமுக்குத் தோன்றியது. அது காதல்தான். அவனுக்குத்தான் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றான்.

"ஸ்வல்ப இருங்க. மன்னிப்பை நான் வெச்சுக்கிட்டு இன்னா பண்றது? இன்னும் பத்து நாள்ல பருந்துங்க வந்துடும். அஞ்சரைக்கு அந்த ஒன்பதை நிறுத்துங்க. அது முடியும்னா வாங்க. முடியாதுன்னா இந்தப் பக்கம் வராதீங்க."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். கடக்கும்போது ஒருமுறை திரும்பினாள். திரும்பியிருக்க வேண்டாம் என்று உடனே தன்னையே திட்டிக்கொண்டாள். 'அவன் மூஞ்சி ஏன் இவ்ளோ பாவமா இருக்குது? அதுக்கு நான் இன்னா பண்றது?'

பத்து நாள் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வராதே என்று சொன்னவளே தினம் பத்து முறை போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்குக் கேஜிஎஃப் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அந்த 'ஏனுங்க' காதில் விழுந்துகொண்டே இருந்தது. பயந்தாங்கொள்ளி, வேலைக்குப் பயந்தவன், என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டிய பிறகும் ஏன் வலித்தது என்று மட்டும் புரியவில்லை.

நவம்பர் ஆறாம் தேதி, மாலை நாலே முக்காலுக்கு, மல்லேஸ்வரம் ஆபீசில் இருந்த சங்கமித்ராவை குளோரியா போனில் கூப்பிட்டாள். சங்கமித்ராவுக்குத்தானே தடை, இவளுக்கு இல்லையே. மலையின் வேலிக்கு வெளியே, ஊர்ச் சாலையில் பைனாகுலரோடு நின்றிருந்தாள்.

"மித்ரா, வந்துடுச்சுடி. தூரத்துல வட்டம் போடுது, முப்பது நாப்பது இருக்கும். ஒன்பதும் ஓடிட்டிருக்கு. நான் இங்க நின்னு பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

செருப்பை மாட்டியதும், ஆட்டோவை நிறுத்தியதும், "ஹெப்பாள், பேக ஹோகி" என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்தியதும் சங்கமித்ராவுக்கே நினைவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் டிராபிக் வழக்கம்போல் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை. கடைசி அரை கிலோமீட்டரை ஓடியே வந்து, ஐந்து இருபத்தைந்துக்கு அந்தக் கட்டிடத்தின் வாசலில் நின்றாள். காவலாளி தடுத்தார். ரகுராமுக்குப் போன் செய்தாள்.

கீழே வந்தான். தலையிலிருந்து சொட்டச் சொட்ட அவள் நின்றிருந்தாள்.

"குளோரியா கூப்பிட்டா. வந்துடுச்சு. நிறுத்துங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "கெஞ்ச வரல. சண்டை போட வந்திருக்கேன்."

"நிறுத்தச் சொல்லி ஆர்டர் இல்லீங்க."

அவள் கண்கள் நிறைந்தன. அவனுக்கு முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

"ஆர்டர் இல்லைன்னுதான் சொன்னேன்" என்றான் ரகுராம் மெதுவாக. "நிறுத்த மாட்டேன்னு சொல்லலீங்களே. வாங்க மேல."

கன்ட்ரோல் ரூமில் பெரிய திரை. அறுபத்திரண்டு பச்சைப் புள்ளிகள். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவன் உட்கார்ந்தான். மேற்கு ஓரத்து ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, நிறுத்து என்று கட்டளை கொடுத்தான். காரணம் கேட்டது இயந்திரம். பட்டியலில் பழுது இருந்தது, புயல் இருந்தது, மின்தடை இருந்தது. பறவை இல்லை. மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் எழுதினான்: பருந்துகள் இறங்குகின்றன. நிறுத்தியது ரகுராம்.

ஒன்பது புள்ளிகள் மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"நின்னுடுச்சுடி" என்றாள் அந்தப் பக்கம் குளோரியா. "எல்லாம் நின்னுடுச்சு. நீ என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல" என்றாள் சங்கமித்ரா. அவனைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்தாள்.

ஐந்து நிமிடத்தில் சீனிவாசராகவன் வந்துவிட்டார். அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"யாரையும் கேக்கலீங்க சார்."

"சாயங்காலம்தான்யா ஊருக்கே கரண்ட் வேணும். கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஓட்டு."

"ஆறரைக்கு ஓட்டறேனுங்க. அஞ்சு வருஷப் பதிவையும் எடுத்துப் பாத்தேன் சார். பத்து நாளா அதைத்தான் பாத்தேன். அந்த மலைக்குக் காத்து ஜூன்லயிருந்து செப்டம்பர் வரைக்கும்தான். நவம்பர்லயிருந்து பிப்ரவரி வரைக்கும் அந்தி நேரத்துல இந்த ஒன்பதும் பேருக்குத்தான் சுத்துது. நாலு மாசமும் தினம் ஒரு மணி நேரம் நிறுத்தினா, வருஷத்துக்கு நாம எடுக்கற கரண்டுல ஆயிரத்துல ஒரு பங்குதான் கொறையும். அதுக்கு முப்பது உயிரு ஜாஸ்திங்க சார்."

"உன் வேலை அதைச் சொல்றது இல்ல."

"இருக்கலாமுங்க. அந்தப் பதிவையும், காடைக்கு நீங்க கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் காலையிலேயே டைரக்டர்ங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இவங்க மேல சந்தேகம் கெளப்பினவன் நான்தான், அது தப்புன்னும் எழுதியிருக்கேன். கீழே என் பேரு இருக்குதுங்க."

சீனிவாசராகவன் எதுவோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அவர் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் "எஸ் சார்... நோ சார்..." என்று அவர் முதுகு மட்டும் குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

அறையில் இரண்டு பேர். ஜன்னலில் மழை.

"பத்து நாளா இதையா பண்ணீங்க?" என்றாள்.

"முடியும்னா வா, முடியாதுன்னா வராதேன்னு நீங்கதானே சொன்னீங்க. முடியுமான்னு தெரியாம எப்படீங்க வர்றது?"

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணினா எடுத்திருப்பீங்களா?"

"எடுத்திருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள். சிரிப்பு தானாக வந்தது. பத்து நாள் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு குளோரியா மறுபடி பேசினாள். கடைசிப் பருந்தும் புல்லுக்குள் இறங்கிவிட்டது. நாற்பத்து மூன்று வந்தன, நாற்பத்து மூன்றும் தரையில். சங்கமித்ரா கண்ணை மூடித் திறந்தாள். கன்னத்தில் வழிந்ததை இந்த முறை அவள் மறைக்கவில்லை.

"ஆறரை ஆச்சு" என்றாள். "ஓட்டுங்க."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். நானும் சாயங்காலம் லைட்டு போடுறவதான். எல்லாம் தூங்கப் போயிடுச்சு, இனிமே சுத்தட்டும்."

ஒன்பது புள்ளிகளும் மெல்லப் பச்சைக்குத் திரும்பின. அவன் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். இமையில் ஈரம். இது மழையா வேறா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கு அஞ்சரைக்கு இந்த நாற்காலியில நான் இருப்பேனான்னு தெரியலீங்க. ஆனா இன்னைக்கு ஒண்ணு சொல்லிடணும்னு இருக்குது. நீங்க அன்னைக்கு லேப்டாப்பை மூடிட்டு 'சொல்ல மாட்டேன்'னு சொன்னீங்க பாருங்க... அப்பயிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. முதல்ல குத்த உணர்ச்சின்னு நெனச்சேன். அது இல்லீங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குது."

அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். சமாளிக்க ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேலை போச்சுன்னா உங்க ஆபீஸ்ல பைனாகுலர் தூக்க ஆள் எடுப்பீங்களா?" என்றான்.

"மாட்டோம்."

"சரிங்க..."

"பைனாகுலர் தூக்க நெறைய பேர் இருக்காங்க. காத்தாலை ஓட்டத் தெரிஞ்ச ஆளுதான் இல்ல. எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆளு சுத்தமா இல்ல. அப்படி ஒருத்தர் வேணும்."

அவன் நிமிர்ந்தான். "ஆபீசுக்குங்களா?"

கண்ணாடிக் கதவு திறந்தது. சீனிவாசராகவன் உள்ளே வந்து, நாளைக் காலை டைரக்டர்கள் தன்னையும் ரகுராமையும் கூப்பிடுகிறார்கள் என்றார். வேலை நிலைக்குமோ போகுமோ, அவருக்கே தெரியாத குரலில் சொன்னார். ரகுராம் எழுந்து நின்றான். சங்கமித்ரா எழவில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்பதற்காகக் குரலைத் தாழ்த்தவுமில்லை.

"இல்ல" என்றாள் ரகுராமைப் பார்த்து. "எனக்கு."